திவாலுக்கு ஆயிரம் இலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மனிதன் செத்தால் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடும். ஒரு கம்பெனி செத்தால் முந்நூற்று முப்பது நாள் ஆகும். மனிதன் சாவுக்கு வருகிறவர்கள் அழுதுவிட்டுச் சாப்பிடுவார்கள். கம்பெனி சாவுக்கு வருகிறவர்கள் நேராகச் சாப்பாட்டுக்கே வருவார்கள். சட்டப் புத்தகம் எதையும் புரட்டாமல் இந்த உண்மையைக் கண்டுபிடித்தவள் ஜோதிலட்சுமி. கண்டுபிடிக்க அவளுக்கு ஆன செலவு பதினான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

பிரபஞ்சம் ஸ்டீல்ஸ் என்கிற இரும்பு உருக்காலைக்கு மெஸ் வைத்து ஒன்பது வருஷமாக மூன்று ஷிப்டுக்கும் சோறு போட்டவள் அவள். கணவன் தணிகாசலம் வெங்காயம் உரிப்பான், வேன் ஓட்டுவான், அவள் திட்டினால் கேட்டுக்கொள்வான். கடைசிப் பதினான்கு மாதமாகக் கம்பெனியிலிருந்து காசு வரவில்லை. கேட்டபோதெல்லாம் முதலாளி துளசிராமன், "சோறு போடுற கை ஜோதிம்மா, உனக்கு இல்லாததா?" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கையை நம்பி, பெத்திக்குப்பத்து வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து ஆறு லட்சம் வாங்கினாள். பழவேற்காட்டு அரிசி வியாபாரி அசன் முகைதீனிடம் மீதிக்குக் கடன் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகளுக்கு அந்த மாதங்களில் சம்பளம் வரவில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நாஷ்டா வேனோடு போனால் கேட் பூட்டியிருந்தது. கேட்டில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"இன்னாண்ணே இது?" என்று செக்யூரிட்டியைக் கேட்டாள்.

"கம்பெனி திவாலாயிட்ச்சாம்மா."

அந்தச் சொல் கீழே விழுவதற்குள் சின்னக் கதவு திறந்து கோட்டுப் போட்ட ஒருவர் ஓடிவந்தார். கம்பெனிக்குத் தீர்வு காணும்படி தீர்ப்பாயம் சென்னையிலிருந்து அனுப்பிய அலுவலர். பெயர் வீரராகவன்.

"யார் அந்த வார்த்தையைச் சொன்னது? திவால் என்பது அநாகரிகமான சொல். இந்த நிறுவனம் நிதி அழுத்தம் காரணமாக, காலவரையறைக்கு உட்பட்ட ஒரு தீர்வுப் பயணத்தில் அடியெடுத்து வைத்திருக்கிறது."

"பயணமா? மொதலாளி எப்ப சார் திரும்பி வருவாரு?"

"அவர் எங்கும் போகவில்லையே. உள்ளேதான் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

தணிகாசலத்துக்கு இது விளங்கவே இல்லை. "எங்க தாத்தா காலத்துல மஞ்சக் கடுதாசி குடுத்தவன் தலைல துண்டப் போட்டுக்கினு ரயிலேறிடுவான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான். இந்தாளு இன்னாடான்னா காபி குடிச்சிக்கினு கீறான்" என்றான். வீரராகவன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். நாகரிகம் வளர்ந்ததை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

பாக்கி வேண்டுமென்றால் மனுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தாள். சோறு போட்டதற்கு ஆதாரம் கேட்டார்கள். சாப்பாட்டு டோக்கன்கள் முப்பத்தையாயிரத்து ஐந்நூறையும் மூன்று கோணிப்பையில் கட்டிக்கொண்டு போனாள்.

"இவை டோக்கன் கொடுத்ததற்கு ஆதாரம். சாப்பிட்டதற்கு?" என்றார் வீரராகவன்.

"சாப்ட்டவங்க உயிரோட கீறாங்களே சார். அதான் ஆதாரம்."

அதற்குப் படிவத்தில் இடமில்லை. அதனால் ஒவ்வொரு டோக்கனின் முதுகிலும் அவளே கையெழுத்துப் போட்டு மெய்யொப்பம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். பதினொரு நாள் ஆனது. கட்டைவிரல் வீங்கிப் போய், பன்னிரண்டாம் நாள் இடது கையால் சாம்பார் கிண்டினாள். கடைசியில் அவளுடைய பாக்கி மரியாதையோடு ஒப்புக்கொள்ளப்பட்டு, வரிசையில் கடைசியில் உட்கார வைக்கப்பட்டது.

கடன் கொடுத்தவர்களின் முதல் கூட்டம் கம்பெனியின் ஏசி ஹாலில் நடந்தது. வங்கிக்காரர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், அவர்களுடைய பையைத் தூக்குகிறவர்கள் என்று இருபத்தைந்து பேர். ஜோதிலட்சுமிக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது. அவளுக்கு ஓட்டு இல்லை, பேச்சு இல்லை, ஆனால் அவள் வந்தது வரவேற்கத்தக்கது என்று வீரராகவன் சொன்னார்.

பெரிய வங்கியின் ஜெயராஜ் எழுந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கோடி கொடுத்து ஏமாந்தவர் என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் போல இருந்தார்.

"தொழில் வளர்ச்சிக்காகத் தியாகம் செய்வதில் எங்கள் வங்கி என்றும் முன்னணி. பதினைந்து, இருபது கோடி வந்தாலே எங்களுக்குத் திருப்தி. மீதிக்கு ஹேர்கட் எடுத்துக்கொள்வோம். கடன் கொடுக்கும்போது நாங்கள் அவசரப்படவில்லையா? அதேபோல விட்டுக்கொடுப்பதிலும் அவசரம் காட்டுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜோதிலட்சுமி பேச்சு இல்லை என்பதை மறந்துவிட்டாள்.

"சார், நூத்துக்குத் தொண்ணூறு வெட்டினா அது கட்டிங் இல்ல, திருத்தணி மொட்ட. அத்த உடுங்க. என் ஊட்டுப் பத்திரம் உங்க பேங்க்லதான் கீது. ஆறு லட்சம். நாலு மாசம் கட்டலன்னு ஏலம் உடப் போறதா கதவுல ஒட்டிட்டுப் போய்ட்டாங்க. எனக்கும் கொஞ்சம் வெட்டி உடக்கூடாதா?"

ஜெயராஜின் முகம் கல்லானது. "அம்மா, அது பொதுமக்கள் பணம். அதில் ஒரு பைசா விட எனக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் ஃபைலில் 'திவால் பார்ட்டி' என்று மேனேஜரே எழுதியிருக்கிறார்."

"அந்த வார்த்தயச் சொல்லக் கூடாதுன்னு இந்த சார் சொன்னாரே?"

"அது ஒரு கோடிக்கு மேலே அம்மா" என்று வீரராகவன் திருத்தினார்.

ஜோதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்துக்கும் அந்த ஹாலில் ஓட்டு இல்லை.

மணி ஒன்று ஆனது. கூட்டம் ஸ்தம்பித்தது. முக்கியமான எதையும் லஞ்சுக்கு முன்னால் தீர்மானிப்பதில்லை என்பது அவர்கள் மரபு. 'லஞ்ச் முடிஞ்சு பார்க்கலாம்' என்று ஜெயராஜ் ஒன்றுக்கு ஏழு முறை சொல்லிவிட்டார். ஆனால் லஞ்ச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபத்தைந்து ஜோடிக் கண்களும் மெஸ்காரி பக்கம் திரும்பின.

"சோறு போடலாம். டப்பு யாரு குடுப்பாங்க?" என்றாள் அவள்.

வீரராகவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தக் கவலையே வேண்டாம். பழைய பாக்கி வேறு, தீர்வு நடைமுறைச் செலவு வேறு. எனக்குச் சம்பளம், வக்கீல் ஃபீஸ், கூட்டத்துச் சாப்பாடு, இதற்கெல்லாம் முதல் உரிமை. வங்கிகளுக்கு முன்னால், தொழிலாளிகளுக்கு முன்னால், முழுப் பணம், மாதாமாதம் செக். இதில் ஹேர்கட் கிடையவே கிடையாது."

"உசுரோட இருந்தப்ப சோறு போட்டவளுக்குக் கடேசி எடம். கருமாதிக்குச் சோறு போட்டா மொத எடம். அதானே சார்?"

"சட்டத்தின் நோக்கத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்றார் வீரராகவன்.

இலைக்கு நூற்றைம்பது என்றாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "நூற்றைம்பது ரூபாய்ச் சாப்பாடு சாப்பிட்ட குழுவின் முடிவைத் தீர்ப்பாயம் எப்படி மதிக்கும்?"

அவள் வெளியே வந்து வேன் நிழலில் நின்றாள். வாரம் இருபத்தைந்து இலை, நாற்பது வாரம் என்று கணக்குப் போட்டு, தன் பாக்கியை மனசுக்குள் ஆயிரமாக வகுத்தாள். உள்ளே போய், "இலைக்கு ஆயிரத்து நானூத்தி இருவது" என்றாள். கௌரவமான தொகை என்று எல்லோரும் தலையசைத்தார்கள். விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும், மற்ற இரண்டும் இதைவிட அதிகமாக இருக்கட்டும் என்று வீரராகவனே சொல்லிக்கொடுத்தார். ஆயிரம் இலை விழுந்தால் அவள் பாக்கி நேராகிவிடும். வீடு தப்பிக்கும்.

அதற்கப்புறம் இலை விழ ஆரம்பித்தது. மூன்றாம் கூட்டம் சொத்தை மதிப்பிட ஒருவரை நியமித்தது. நான்காம் கூட்டம் அவருடைய மதிப்பீட்டை மதிப்பிட இன்னொருவரை நியமித்தது. பதினோராம் கூட்டத்தில் இரண்டு பேரும் உலையைப் பார்க்கப் போனார்கள். உலையின் செப்புச் சுருளை அதற்குள் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மீதி உலை திருடு போகாமல் இருக்க ஓர் ஆலோசகர் வந்தார். இல்லாத சுருளுக்கு என்ன மதிப்பு என்று இரண்டு கூட்டம் விவாதித்தார்கள். செலவு எல்லை மீறிப் போகிறதே என்று கவலைப்படுவதற்கென்றே பத்தொன்பதாம் கூட்டம் கூடியது. அன்றைக்கு மட்டன் சுக்கா. கவலையை அடுத்த வாரமும் தொடர்வதென்று முடிவானது.

யாராவது ஓர் இளவட்ட அதிகாரி, "சீக்கிரம் முடித்துவிடலாமே" என்று வாயைத் திறந்தால், ஜோதிலட்சுமி ரசம் ஊற்றிக்கொண்டே, "வர்ற வாரம் பழவேற்காட்டு நண்டு சொல்லிவச்சிகிறேன் சார்" என்பாள். இளவட்டம் வாயை மூடிக்கொள்ளும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

பரிமாறுவதற்குப் பழைய உலைக்கூட ஃபிட்டர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுக்கொண்டாள். இரும்பு உருக்கிய கைகள் பாயசம் ஊற்றின. மாசம் பிறந்தால் வங்கிகள் பங்கு போட்டு அவளுக்குச் செக் கொடுக்கும். அந்தச் செக்கை அதே வங்கியில் போட்டு, அதே ஜெயராஜின் கடனைக் கட்டுவாள்.

"அவங்க துன்ன சோத்துக்கு அவங்களே குடுத்த துட்ட அவங்ககிட்டயே கட்டி, அவங்ககிட்டருந்தே ஊட்ட மீட்டுக்கினு கீறேன்" என்றாள் கணவனிடம்.

"பேஜாரா கீதே ஜோதி. இதுல யாரு துட்டு யாருக்குப் போவுது?"

"பொதுமக்கள் பணம்யா" என்றாள் அவள்.

நாற்பதாம் கூட்டத்தில் ஆயிரமாவது இலை விழுந்தது. வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. அசன் முகைதீன் கடனையும் தீர்த்தாள். "போதும் தங்கச்சி, நிம்மதியா இரு" என்றார் அவர். அவளும் இருந்திருப்பாள். அந்த வாரம்தான் தீர்வுத் திட்டம் வெளியானது.

கம்பெனியை வாங்க ஒரே ஒருவர்தான் முன்வந்திருந்தார். அன்புசெல்வன் என்று பெயர். விலை பதினேழு கோடி. பழைய முதலாளியோ அவர் சொந்தக்காரரோ வாங்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். அன்புசெல்வன் துளசிராமனுக்குச் சொந்தமில்லை, கார் டிரைவர்தான். அவருக்கே பதினான்கு மாதச் சம்பளப் பாக்கி. சம்பளம் வராத டிரைவரிடம் பதினேழு கோடி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சிக்கனமானவராக இருப்பார் என்று ஜெயராஜ் பாராட்டினார். திட்டப்படி தொழிலாளிகளுக்கு ஒரு நன்றிக் கடிதம். ஜோதிலட்சுமியின் பழைய பாக்கிக்கு முழுத் தீர்வாக நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.

அன்று சாயங்காலம் துளசிராமனே மெஸ்ஸுக்கு வந்தார். முகம் ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது.

"வர்ற புதன்கிழமை ஓட்டுப் போட்டுட்டா கம்பெனி நம்மளுதும்மா. பழைய கடன், பழைய பாக்கி, எல்லாம் சட்டப்படி தொடச்சாச்சு. திவாலு கிவாலுன்னு ஊர்ல பேசினாங்களே, இப்ப பாரு, பொறந்த குழந்த மாதிரி நிக்கிறேன். உன்னையும் மறக்கல. திரும்பவும் நீதான் கேன்டீன். தொண்ணூறு நாள் கடன்ல போட்டுக் குடு."

"அந்த முந்நூறு பேரு சம்பளம் சார்?"

"அதான் லெட்டர் குடுக்குறோமே." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "புதன்கிழமதான் முன்னூத்தி முப்பதாவது நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஓட்டு விழலன்னா கம்பெனியக் கூறு போட்டு வித்துருவான். அதனால சாப்பாட்டச் சரியா அனுப்பிடு. ராகுகாலம் பன்னெண்டுலருந்து ஒன்ற. அதுக்குள்ள ஓட்ட எடுத்துத் தொலைக்காதீங்கன்னு வீரராகவன்கிட்ட சொல்லிட்டேன். அந்த நேரத்துல எல்லாரும் சாப்ட்டு முடிச்சிரட்டும்."

அவர் போன பிறகு ஜோதிலட்சுமி மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். அவள் காசு வந்துவிட்டது, வீடு வந்துவிட்டது. இனிமேல் அவளுக்கு வேண்டியது காசு இல்லை. இந்த ஆள் சிரித்துக்கொண்டே அந்தக் கேட்டுக்குள் திரும்பி நுழையக் கூடாது. அவ்வளவுதான்.

உருக்காலைக் கேன்டீனுக்கு ஒரு சட்டம் உண்டு. உலையில் உருகிய இரும்பை ஊற்றுகிற நாளில் பிரியாணி போடக் கூடாது. ரசமும் மோரும்தான். உலைக்கு முன்னால் எவனும் கண்ணயரக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்துச் சேஃப்டி ஆபீசர் போட்ட உத்தரவு. ஒன்பது வருஷத்தில் அவள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. எதைப் போட்டால் எத்தனை மணி நேரத்துக்கு ஆள் சாய்வான் என்பது அவளுக்கு அத்துப்படி. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. வங்கி அதிகாரிக்கு இல்லாமல் போகுமா?

புதன்கிழமை பதினோரு மணிக்கு நாற்பத்தோராம் கூட்டம் கூடியது. திட்டத்தின் முன்னுரையை வீரராகவன் வாசித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. ராகுகாலம் பிறந்தது. சீரகசம்பா மட்டன் பிரியாணி வந்து இறங்கியது. நெய் இலையில் ஓடியது. தால்ச்சா, எண்ணெய்க் கத்தரிக்காய், பழவேற்காட்டு இறால் வறுவல், நண்டு மசாலா, பிரெட் அல்வா. வேண்டாம் என்று கையை நீட்டியவர்களுக்குக் கையைத் தாண்டிப் போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது, ஏலக்காய் மணக்கிற கெட்டித் தயிரில் பிசைந்த தயிர்சாதம் வந்தது.

"ஓட்டு கீட்டு எல்லாம் அப்புறம் சார். சூடு தணிய இத்த ரெண்டு கை சாப்டுங்க" என்றாள் ஜோதிலட்சுமி. ஜெயராஜ் நாலு கை சாப்பிட்டார்.

ஒன்றரைக்கு வெற்றிலை கொடுத்தார்கள். வெயில் அடிக்கிறதே என்று ஃபிட்டர்கள் திரையை இழுத்துவிட்டார்கள். ஏசியைப் பதினெட்டில் வைத்தார்கள். "பத்து நிமிஷம் கழித்து வாக்கெடுப்பு" என்று அறிவித்த வீரராகவன் 'வாக்கெடு' வரைக்கும்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு மணிக்கு இருபத்தைந்து பேரும் இருபத்தைந்து சுருதியில் குறட்டை விட்டார்கள். ஆயிரம் இலைக்கு அவர்கள் எடுத்த ஒரே ஒருமித்த முடிவு அதுதான்.

துளசிராமன் ஹாலுக்குள் வரக்கூடாது என்பதால் வெளியே காருக்குள் காத்திருந்தார். அவருக்கும் தனி இலை போயிருந்தது, இரட்டைப் பங்கு. பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். முன் சீட்டில் கம்பெனியின் எதிர்கால உரிமையாளர் அன்புசெல்வன் விழித்துக்கொண்டிருந்தான். அவன் மோர் மட்டும் வாங்கிக் குடித்திருந்தான். நாலரை மணிக்கு ஒரு முறை வாட்சைப் பார்த்தான். ஒரு முறை முதலாளியைப் பார்த்தான். பிறகு அவருக்குப் புழுங்கப் போகிறதே என்று ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தான்.

ஐந்து மணிக்கு வாக்குப் பதிகிற கணினி தன்னால் மூடிக்கொண்டது. ஐந்து இருபதுக்கு வீரராகவன் எழுந்து கணினித் திரையைப் பார்த்தார். 'காலக்கெடு முடிந்தது' என்று இருந்தது. ஜெயராஜுக்கு முகம் வெளுத்தது. "இனி என்ன செய்வது?" என்றார்.

வீரராகவன் டையைச் சரிசெய்துகொண்டார். "இனி கம்பெனியைக் கலைத்து விற்க வேண்டியதுதான். சட்டப்படி நானே கலைப்பாளராக இருக்கலாம். புதிய பயணம், புதிய ஃபீஸ். அம்மா, நீங்களும் புதிதாக ஒரு கொட்டேஷன் கொடுத்துவிடுங்கள்."

"என்னால ஆவாது சார். நான் உசுரோட கீறவங்களுக்குச் சமைக்கப் போறேன்" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நிலமும் இரும்பும் கூறு போட்டு விற்கப்பட்டன. அப்படி விற்றால் தொழிலாளி கூலியும் வங்கிக்குச் சமமாக நிற்கும் என்பது சட்டத்தில் யாரோ கவனிக்காமல் விட்ட நல்ல வரி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஏதோ கையில் கிடைத்தது. வங்கிக்கு வந்தது போதவில்லை. துளசிராமன் சொந்த ஜாமீன் போட்டிருந்த காகிதம் ஜெயராஜுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இது பொதுமக்கள் பணம், ஒரு பைசா விட முடியாது என்று அண்ணாநகர் பங்களா கதவில் ஒட்டினார். துளசிராமன் சொத்தெல்லாம் போய்த் திருவள்ளூர்க் கோர்ட்டில் தானே மனுப் போட்டார். பேப்பரில் 'தொழிலதிபர் திவால்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. பயணம் என்று யாரும் எழுதவில்லை. ஜோதிலட்சுமி அதைத் தணிகாசலத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

ஒரு மத்தியானம் துளசிராமன் ஷேர் ஆட்டோவில் வந்து மெஸ் வாசலில் இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. அவள் வடித்த கஞ்சியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு. அன்னிக்குச் சோத்துல இன்னாத்தக் கலந்த? மருந்து வச்சியா?"

"மருந்தா? சீரகசம்பா போட்டேன். ஆட்டுக்கறி போட்டேன். நெய்ய அளவு பாக்காம ஊத்தினேன்." அவள் தவலையை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது நாளு போட்டதுக்குத் துட்டு வாங்கினேன் சார். அன்னிக்குப் போட்டதுக்கு மட்டும் பில்லே போடல. அது என் செலவு."